களி உருண்டையும் கிராம் தராசும்

எங்கள் ஊர் கச்சிராயபாளையம், உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மாவட்டம் பார்த்த ஊர். நான் அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது தென்னாற்காடு. 1993-ல் விழுப்புரம். 2019-ல் கள்ளக்குறிச்சி. கல்வராயன் மலை அதே மேற்கில்தான் நிற்கிறது, கோமுகி அணையும் போட்ட இடத்தில்தான் கிடக்கிறது. கடைகளின் பெயர்ப்பலகையில்தான் வண்ணம் மாறியது. கூடவே, யாரும் அரசாணை போடாமல் சாப்பாடும் மாறியது. தென்னாற்காட்டில் கேவுரு (கேழ்வரகு) தின்றோம். விழுப்புரத்தில் பொன்னி தின்றோம். கள்ளக்குறிச்சியில் மேக்ரோ தின்கிறோம்.

மேக்ரோ என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தவன் என் அண்ணன் மகன். சென்னையில் கணினி வேலை. கொரோனாவில் ஊருக்கு வந்தவன், பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் இங்கேயே தங்கிவிட்டான். விடிந்தால் கள்ளக்குறிச்சியில் இருக்கிற ஜிம்முக்கு பைக்கில் போவான். வந்ததும் சமையலறைக்குள் நுழைந்து ஒரு சின்ன டிஜிட்டல் தராசைத் தட்டிவிட்டு, சோற்றைக் கிண்ணத்தில் வைத்து நிறுப்பான். கூடிப்போனால் ஒரு கரண்டியைத் திரும்பச் சட்டியில் போடுவான். அண்ணி முதலில் பயந்துபோனார், பையனுக்கு ஏதோ வியாதி என்று. வியாதி இல்லை, கணக்கு என்று தெரிந்த பிறகு, “எங்க மாமியாரும் இப்படித்தான் அளந்து போட்டாங்க, அப்ப மட்டும் கோவம் வந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி சொன்னது உண்மை; அம்மாவுக்கு அந்த அளவு ஆயாவிடமிருந்து வந்தது. என் ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் அவளைவிடக் கறாரான கணக்குப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. களி கிண்டி இறக்கியதும் ஈரக் கையால் உருட்டுவாள். ஏர் ஓட்டுகிறவனுக்கு ரெண்டு உருண்டை, பள்ளிக்கூடம் போகிறவனுக்கு ஒன்று, பொம்பளைகளுக்கு மீந்தது. இந்த மூன்றாவது இனத்துக்கு எடை கிடையாது. காலையில் கேவுருக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். ராத்திரி களியோ சாமைச் சோறோ, ஊற்றிக்கொள்ளக் காராமணிக் குழம்பு, இல்லாவிட்டால் வரப்பில் பறித்த கீரையைக் கடைந்தது. சந்தையில் கருவாடு வாங்கிவிட்டால் அன்றைக்கு வீடே சீக்கிரம் சாப்பிட உட்கார்ந்துவிடும்.

சாமை மலையிலிருந்து வரும். 1976 வரைக்கும் கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலைக்காரர்கள் விளைந்ததைத் தலைச்சுமையாகத்தான் இறக்கிக் கொண்டுவருவார்கள். சாமை, தினை, புளி, கடுக்காய், பருவத்தில் பலாப்பழம். திரும்பும்போது உப்பும் மிளகாயும் துணியும் கொண்டுபோவார்கள். படியில் அளந்து வாங்கிய கீழ்நாட்டு வியாபாரிகள் அந்தப் படியை எவ்வளவு நேர்மையாகப் பிடித்தார்கள் என்பதை அவரவர் பேரன்களின் மாடிவீட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சாமையை உரலில் போட்டுக் குத்துவார்கள். உமி போகும், தவிடு பாதி ஒட்டிக்கொண்டே இருக்கும். தவிடு சத்து என்று யாரும் விட்டுவைக்கவில்லை. மீதியையும் குத்தக் கையில் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

நெல்லுச் சோறு பொங்கலுக்கு, தீபாவளிக்கு, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால். அறுபதுகளில் கட்டிய கோமுகி அணைத் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் மெல்ல மெல்ல நெல்லும் கரும்புமாக மாறிற்று. பிறகு ஊரிலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலையும் வந்துவிட்டது. வெள்ளைச் சோறு அன்றாடச் சோறாயிற்று. கேவுரு மாவு டப்பா பரணுக்குப் போயிற்று. விருந்தாளி வந்திருக்கும்போது யாராவது களி என்று வாயெடுத்தால் அம்மா கண்ணால் அதட்டுவாள். ஏழ்மையை ஒளித்து வைப்பதற்கு முதல் படி, தானியத்தை ஒளித்து வைப்பது.

அந்த வீட்டில்தான் இப்போது அண்ணன் மகனின் தராசு உட்கார்ந்திருக்கிறது.

“சித்தப்பா, நாள் ஒண்ணுக்கு எனக்குப் புரோட்டீன் 150 கிராம், கார்ப் 200, ஃபேட் 60. இந்த மூணுதான் மேக்ரோ, இந்த நம்பர் கரெக்டா வந்துச்சுன்னா போதும். எதைத் தின்னு அந்த நம்பருக்கு வந்தோம்கிறது முக்கியமில்ல.”

“எதை வேணா தின்னலாமா?”

“எதை வேணா.”

“பரோட்டா?”

“கணக்குல அடங்கினா பரோட்டா.”

உலகத்தில் எத்தனையோ விரதம் பார்த்திருக்கிறேன், பரோட்டாவைச் சேர்த்துக்கொண்ட விரதத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘கணக்கில் அடங்கினால் சரி’ என்பதுதான் இந்த மார்க்கத்தின் மூலமந்திரம். உடம்பு வளர்க்கிற அமெரிக்கப் பையன்கள், தினமும் வேகவைத்த கோழி நெஞ்சும் பிராக்கோலியும் தின்று நாக்கு செத்துப்போய்க் கண்டுபிடித்த கலகம் இது. கலகத்தில் நியாயமும் இருக்கிறது. இதைத் தின்னாதே, அதைத் தொடாதே என்று கட்டுப்பெட்டியாக நடத்தும் பத்தியம் பலருக்கும் பத்து நாள் தாங்காது.

கணக்கும் பொய்யில்லை. வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1890-களில் கனெக்டிகட்டில் ஒரு அறை அளவுக்குக் கருவி கட்டி, அதற்குள் ஆளை உட்காரவைத்து, தின்ற சோறு எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தார். புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 என்று இன்றைக்குப் பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் இருக்கும் எண்களுக்கெல்லாம் அவர்தான் தாத்தா. என் அண்ணன் மகனின் மூன்று எண்ணையும் அவர் வாய்ப்பாட்டில் பெருக்கினால் 1,940 கலோரி வருகிறது. 2010-ல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், கடையில் விற்கும் கிரீம் கேக்கும் சிப்ஸுமாகத் தின்று, கலோரியை மட்டும் இறுக்கிப் பிடித்து, பத்து வாரத்தில் 27 பவுண்டு இளைத்துக் காட்டினார். நம் கணக்கில் 12 கிலோ. ஆக, பரோட்டா தின்றும் இளைக்கலாம். பையனும் இளைத்தான். தோள் விரிந்தது, தொப்பை போயிற்று. அண்ணன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு பேச்சை மாற்றுவார்.

கெட்டுப்போனது உள்வயிறு.

முதலில் உப்புசம். அப்புறம் காலையில் கழிப்பறைக்குள் போனவன் கைப்பேசியில் பாதி சினிமா பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவது வழக்கமாயிற்று. நடுநடுவே தலைகீழாக, பேதி. காற்று பிரிவதைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. வீட்டில் ஜன்னல்களின் அருமை எல்லோருக்கும் புரிந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அலமாரியில் வே புரோட்டீன் டப்பாவுக்குப் பக்கத்தில் இசப்கோல் உமி வந்தது, அதற்குப் பக்கத்தில் புரோபயாட்டிக் மாத்திரை, அதற்குப் பக்கத்தில் செரிமானத்துக்கு ஏதோ ஒரு சிரப். சாப்பாட்டை விட, சாப்பாட்டைச் சமாளிக்கிற சாமான் அதிகமாயிற்று. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “காய், கீரை, பயறு எல்லாம் சாப்பிடுறீங்களா?” பையன் நேர்மையாகப் பதில் சொன்னான்: “அதுல மேக்ரோ பெருசா வராது டாக்டர்.”

வீட்டுக்கு வந்து அவன் தட்டை நான் எண்ண ஆரம்பித்தேன். ஆயாவின் பேரன் இல்லையா, எண்ணுவது ரத்தத்தில் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலை வைத்துக்கொண்டேன். காலையில் தண்ணீரில் கலக்கிய வே பொடி. பாலாடைக்கட்டி செய்யும்போது வடிகிற தெளிநீரைக் காயவைத்தால் வருவது அது. நார்ச்சத்து சுழியம். மத்தியானம் கோழி நெஞ்சு, சுழியம். முட்டை வெள்ளை, சுழியம். 150 கிராம் அரிசியில் நாலு கிராம் சொச்சம். ராத்திரிப் பரோட்டாவின் 100 கிராம் மைதாவில் மூன்றுக்குள். நாலு துண்டு வெள்ளரிக்காய்க்கு ஒன்று போட்டாலும் மொத்தம் எட்டு, ஒன்பது கிராமைத் தாண்டவில்லை. இரண்டாயிரம் கலோரி தின்கிறவனுக்கு முப்பது கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு.

அடுத்து ஆயாவின் தட்டு. மீந்துதானே தின்றாள், அதனால் குறைத்தே போட்டேன்: கேவுரு 200 கிராம், சாமை 150, ஒரு கை காராமணி, ஒரு பிடி கீரை. கேவுருவில் நூறு கிராமுக்கு 11 கிராமுக்கு மேல் நார், சாமையில் ஏறக்குறைய 8. மொத்தம் நாற்பது கிராம் நார் வந்தது. ஆகா என்று எழுந்து நின்று மலையைப் பார்த்துக் கும்பிடலாம் என்றிருந்தபோது மற்ற வரிகளையும் கூட்டினேன். புரதம் 38, 39 கிராம். எடை கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இன்றைய அளவு. ஐம்பது கிலோ ஆளுக்கே 41 வேண்டும். கலோரி 1,300-ஐ ஒட்டி. பகல் முழுக்கக் குனிந்து களை பறித்தவளுக்கு 1,300. என் அண்ணன் மகன் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட ‘கலோரி டெஃபிசிட்’டில் ஆயா ஆயுள் முழுக்க இருந்திருக்கிறாள், யாரும் பாராட்டாமல். இது நல்ல நாள் கணக்கு. கையிருப்புத் தீர்ந்துபோகும் ஆடி மாதத்துக் கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் ‘அந்தக் காலத்துச் சாப்பாடு’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் உருகும்போது எனக்கு எரிச்சல் வரும். அந்தக் காலத்து வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது, நாக்குப்பூச்சி இருந்தது, வாய்க்கால் தண்ணீர் தந்த சீதபேதி இருந்தது. ஆயா பெற்ற பிள்ளைகளில் பாதிதான் நின்றது. நம் பழைய சாப்பாட்டுக்கு அறிவியல் கொடுத்த முதல் மதிப்பெண்ணும் ஒன்றும் உயர்வாக இல்லை. ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் குன்னூரில் 1918-லிருந்து உணவு ஆராய்ச்சி செய்தார்; இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் அதே நிறுவனத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது. அவர் எலிகளைப் பிரித்து ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர், ஒன்றுக்கு வங்காளி, ஒன்றுக்கு மதராஸி என்று போட்டு வளர்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி முதல் இடம். தீட்டின அரிசிச் சோறு தின்ற மதராஸ் எலி கடைசி இடம். விழுப்புரம் காலத்தில் எங்கள் வீடு பெருமையாகத் தாவிப் பிடித்தது அந்தக் கடைசி எலியின் தட்டைத்தான்.

எலியை விடுங்கள், மெக்காரிசன் அதற்கும் முன்னே குரங்குகளுக்குச் சத்தை அடித்து நீக்கிய சோற்றைப் போட்டுப் பார்த்தபோது முதலில் கெட்டவற்றில் ஒன்று குடல். சாப்பாட்டுக் குறை குடலில் தெரியும் என்று குன்னூர் மலையில் உட்கார்ந்து அவர் எழுதி நூறு ஆண்டு ஆகிவிட்டது.

பிறகு இந்த விஷயத்தை மறுபக்கத்திலிருந்து பிடித்தவர் டெனிஸ் பர்க்கிட். உகாண்டாவில் இருபது வருஷம் அறுவை சிகிச்சை செய்த அயர்லாந்துக்காரர். அங்கே கிராமத்துக்காரர்களுக்கு மலச்சிக்கல், மூலம், பெருங்குடல் புற்று எல்லாம் ஏன் அபூர்வமாக இருக்கிறது என்று யோசித்தவர், 1972-ல் சகாக்களோடு சேர்ந்து, ஆப்பிரிக்கக் கிராமத்தார் கழிக்கும் மலத்தையும் பிரிட்டிஷ்காரர்கள் கழிக்கும் மலத்தையும் எடைபோட்டு, கிராமத்தார் பல மடங்கு என்று எழுதினார். உள்ளே போவதை அட்வாட்டர் அளந்தார், வெளியே வருவதைப் பர்க்கிட் நிறுத்தார். நம் பையன்கள் முதல் தராசை மட்டும் வாங்கிவிட்டார்கள்.

நடுவில் என்ன நடக்கிறது என்பது இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நாரை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குச் சோறாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. குடலின் உள்தோல் செல்கள் பிழைப்பதே பெரும்பாலும் அந்தப் பியூட்டிரேட்டில்தான். சோறு வராவிட்டால் சில கிருமிகள் குடலுக்குக் காவலாக இருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன என்று 2016-ல் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். செரிக்காத புரதம் நிறைய வந்து சேர்ந்தால் அங்கே அழுகல் நடக்கும், கந்தக வாயு கிளம்பும். எங்கள் ஜன்னல் சமாசாரம் அதுதான். பையன் சாயங்காலம் கடிக்கிற புரோட்டீன் பாரில் சர்க்கரைக்குப் பதில் போட்டிருந்த மால்டிட்டால், குடலில் முழுசாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்கும். அந்தத் தலைகீழ்ப் பேதிக்கு அதுவும் ஒரு காரணம். சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் சர்க்கரை இல்லாத மிட்டாய் தின்று வயிற்றால் போவது கள்ளக்குறிச்சி யுகத்தில்தான் நடக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி 2015-ல் வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தார் இருபது பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் இருபது பேர். இரண்டே வாரம் தட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு ஆப்பிரிக்கர்களின் கூழும் பயறும், ஆப்பிரிக்கர்களுக்கு அமெரிக்கர்களின் பர்கரும் வறுவலும். அமெரிக்கர்களின் குடல் அழற்சிக் குறிகள் தணிந்தன, பியூட்டிரேட் இரண்டரை மடங்கு ஏறியது. ஆப்பிரிக்கர்களுக்கு அது பாதியாக விழுந்தது. பதினாலு நாளில். ஒரு ஆடி மாதத்தில் பாதிதான் அது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி. “அப்ப புரோட்டீன விட்டுட்டு கூழ் குடிக்கச் சொல்றீங்களா?” இல்லை. ஆயாவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு முட்டை கிடைத்திருந்தால் அவள் இன்னும் பத்து வருஷம் என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பாள். புரதத்தை எண்ணத் தெரிந்த முதல் தலைமுறை எங்கள் வீட்டில் இவனுடையதுதான், அந்த வகையில் அவன் முன்னோடி. 150 கிராம் அவன் எடைக்குத் தேவைக்கு மேல் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அது அவன் காசு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி புரோட்டீன் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது என்பதை மட்டும் காதில் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது. பழுப்புக் காகிதப் பொட்டலம், அதன் மேல் ஏர் ஓட்டும் ஒரு விவசாயியின் படம், சிரித்த முகம். உள்ளே அரைக் கிலோ சாமை. விலை, கடையில் நாங்கள் வாங்கும் பொன்னியைவிட அதிகம். எங்கே விளைந்தது என்று போட்டிருக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்த விவசாயிகள் எல்லாப் பொட்டலத்திலும் சிரிக்கிறார்கள். எங்கள் கொல்லையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலையில் சாமைக் கொல்லைகள் பலவும் இப்போது மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் போய்விட்டன. கிழங்கு லாரியில் ஏறி சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. மலைவீடுகளில் ரேஷன் அரிசி வேகிறது. 2011-லிருந்து அது இலவசம். பசிக்கு அது செய்த உபகாரம் பெரியது, அதைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. ஆனாலும் மலைக்காரர் தட்டில் தீட்டின அரிசி, கணினிக்காரன் தட்டில் சாமை என்று காட்சி முழுசாகத் திரும்பியிருப்பதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அண்ணி அந்தச் சாமையைக் களைந்து உலையில் போட்டார். வாசனை வந்ததும் அண்ணன் எழுந்து வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். “இத மறக்கறதுக்குத்தானடா நான் நெல்லு வெச்சேன்” என்றார். சொல்லிவிட்டு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், நிறுக்காமல்.

பையன் நிறுத்துத்தான் சாப்பிட்டான். சாமையைக் கைப்பேசியின் கணக்குச் செயலியில் ஏற்றும்போதுதான் கவனித்தான், புரோட்டீன், கார்ப், ஃபேட் காட்டும் மூன்று வட்டத்துக்குக் கீழே, விரலால் தள்ளினால், நார்ச்சத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதற்கு வட்டமும் வண்ணமும் போடவில்லை, அவ்வளவுதான். இப்போது காராமணிச் சுண்டலும் கீரையும் அவன் கணக்கில் ஏறியிருக்கின்றன. பரோட்டா வாரத்துக்கு ஒன்றாக இறங்கியிருக்கிறது. இசப்கோல் டப்பா இன்னும் காலியாகவில்லை.

எண்ணுகிற பழக்கம் உள்ளவர்கள் எண்ணுங்கள், தடையில்லை. நாலாவதாக நாரையும் எண்ணுங்கள்: ஆயிரம் கலோரிக்குப் பதினைந்து கிராம். எட்டில் இருப்பவர் ஒரே நாளில் முப்பதுக்குத் தாவினால் உப்புசம் இரண்டு மடங்காகும், ஆகவே வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, சாமையையும் வேண்டாம், உமியையும் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். மலைப்பக்கம் போனால் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ சாமை வைத்திருப்பவர்களைத் தேடி நேராக வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். அந்தப் படிக் கணக்கில் நாம் ஏற்கெனவே நிறையப் பாக்கி வைத்திருக்கிறோம்.